பக்கிங்காம் கால்வாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது ஆறா, கால்வாயா, சாக்கடையா?

கால்வாய். ஆள் வைத்து வெட்டியது. ஆறு என்றால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இதற்கு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கடற்கரைக்கு இணையாக, ஏறத்தாழக் கடல் மட்டத்திலேயே, வடக்கு தெற்காகக் கிடக்கிறது. சொந்தமாக ஊற்றோ நீர்ப்பிடிப்போ கிடையாது. குறுக்கே வந்து கடலில் சேரும் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் கழி (கடலோர உப்புநீர்த் தேக்கம்) ஆகியவற்றின் வாய் வழியாகக் கடல் உள்ளே ஏறி இறங்குவதுதான் இதன் மூச்சு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். சாக்கடை வேலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி மரக்காணத்தில் முடிகிறது. மொத்தம் சுமார் 420 கி.மீ.; அதில் 257 கி.மீ. ஆந்திரத்தில், 163 கி.மீ. தமிழ்நாட்டில். காக்கிநாடா வரை என்று சொல்லும் கணக்குகள் கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக் கால்வாய்களையும் சேர்த்தவை. இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் இணையத்தில் நீளம் ஆளுக்கு ஒன்றாக இருக்கிறது.

சென்னையைப் பொறுத்தவரை மூன்று துண்டு. எண்ணூர்க் கழியிலிருந்து கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல் பக்கமாக வந்து கூவத்தில் சேர்வது வடக்குத் துண்டு. கூவத்தில் தொடங்கி சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக அடையாறு வரை நடுத்துண்டு; ஏழு கி.மீ. சொச்சம். அடையாற்றுக்குத் தெற்கே கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், திருவான்மியூர் தாண்டி, பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே இறங்கி முட்டுக்காடு போவது தெற்குத் துண்டு. மூன்றும் ஒரே பெயரில் இருந்தாலும் தண்ணீரின் நடத்தை மூன்றிலும் வேறு.

யார் வெட்டினார்கள்? எதற்காக?

அன்றைய மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். சரக்கை அலையில் தாவும் மசூலா படகில் இறக்க வேண்டும். நனையும், கவிழும், திருட்டுப் போகும். அலைக்கு உள்பக்கமாக, கழிகளைக் கோத்து ஒரு வாய்க்கால் இருந்தால் விறகையும் உப்பையும் பத்திரமாகக் கொண்டுவரலாம் என்பதுதான் யோசனை. அரசிடம் அனுமதி வாங்கி பேசில் காக்ரேன் என்ற வணிகர் மதராஸிலிருந்து எண்ணூர் வரை 18 கி.மீ. வெட்டினார். 1806-ல் அது திறக்கப்பட்டது. பல காலம் ‘காக்ரேன் கால்வாய்’ என்றே பெயர். பின்னர் பழவேற்காடு வரை நீண்டது. 1837-ல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கே கிருஷ்ணா டெல்டா வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் துண்டு துண்டாக நீட்டியது.

நகரத்துக்கு நடுவே மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டைத் தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டினார்கள், 1877–78-ல். பஞ்ச நிவாரண வேலை. 1877 தொடக்கத்தில் மதராஸ் மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நிர்ணயித்த அளவு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். மேலே கொஞ்சம் சில்லறை. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அது காணாது என்று அப்போதே சண்டை நடந்தது. பெயர் மட்டும் அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் 1875 முதல் 1880 வரை இங்கே இருந்தார்.

தண்ணீர் எந்தத் திசையில் ஓடும்?

இரண்டு திசையிலும். கடல் ஏறும்போது முகத்துவாரத்திலிருந்து உள்ளே வரும், வற்றும்போது திரும்பிப் போகும். சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதனால் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும்.

கடலின் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓதம் என்று பெயர். சென்னைக் கடலில் ஓதம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவு. அஷ்டமியை ஒட்டி 40 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். காம்பே வளைகுடாவில் எட்டு, பத்து மீட்டர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் சாய்வே இல்லாத கால்வாய்க்கு 40 செ.மீ. என்பது பெரிய விசை. அதே காரணத்தால், வழியில் ஒரு மண்மேடு தடுத்தாலும் அந்த விசை செத்துவிடும். பெரிய ஓதம் தடையைத் தாண்டி ஏறிவிடும், சின்ன ஓதத்தால் முடியாது.

நடுத்துண்டில் இன்னொரு சிக்கல். கூவம் பக்கமிருந்தும் அடையாறு பக்கமிருந்தும் ஓதம் ஒரே நேரத்தில் நுழைந்தால், எங்கோ நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டம் ஏறி இறங்கும், ஆனால் தண்ணீர் நகராது. நகராத இடத்தில்தான் சேறு படியும். எத்தனை முறை வாரினாலும் மறுபடி அங்கேதான் படியும்.

ஓதம் இன்னும் உள்ளே வருகிறதா என்று நாமே எப்படிப் பார்ப்பது?

தண்ணீரில் இறங்க வேண்டாம், பாலத்தின் மேல் நின்றாலே போதும். இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணையில் சென்னைக்கான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாள், மழை பெய்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு போய்ப் பாலத் தூணில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுங்கள். அரை மணிக்கு ஒரு முறை, உச்ச நேரம் கடந்து மூன்று மணி நேரம் வரை, அதே இடத்திலிருந்து எடுக்கவும். முகத்துவாரத்திலிருந்து தள்ளி இருக்கும் பாலத்தில் ஏற்றம் தாமதமாகத்தான் தெரியும், அதனால்தான் அந்த மூன்று மணி நேரம். கோடு நகரவே இல்லையென்றால் வழியில் எங்கோ அடைப்பு.

அட்டவணை இல்லாமலும் ஒரு வழி உண்டு. ஆகாயத்தாமரை உப்பு தாங்காது. ஒரு பாலத்துக்குக் கீழே அது பச்சைப் பாயாக விரிந்து கிடந்தால் அங்கே கடல்நீர் எட்டுவதில்லை என்று அர்த்தம். பாயின் ஓரம் மஞ்சளாகிக் கருகத் தொடங்கும் இடம்தான் உப்பின் எல்லை. இதற்கு நேர்மாறான சாட்சி கொட்டலசு, அதாவது கல்லிலும் தூணிலும் ஒட்டி வாழும் ஓடுள்ள சின்னக் கடலுயிர். தூணில் அது ஒட்டியிருக்கும் உயரம் வரை கடல் வழக்கமாக ஏறுகிறது.

இந்தக் கால்வாயில் லாக் இருந்தது என்கிறார்களே, அது என்ன? எப்படி வேலை செய்தது?

கால்வாய் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இரண்டு தொல்லை. ஒன்று, வற்றத்தில் ஆறு இறங்கினால் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து வடிந்து படகு தரைதட்டும். மற்றது, மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணலோடு கால்வாய்க்குள் புகும். இரண்டையும் தடுக்கத்தான் ஆற்றின் இரு கரையிலும் லாக் கட்டினார்கள். சேப்பாக்கத்தில் லாக் நகர், கோட்டூரில் லாக் தெரு என்று பெயர் இன்னும் நிற்கிறது. ஒன்று கூவத்துக்குத் தெற்கே, மற்றது அடையாற்றுக்குத் தெற்கே. இடம் கச்சிதமாகப் பொருந்தும்.

கருங்கல்லோ செங்கல்லோ கட்டிய நீளமான ஒரு தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஒரு சோடிக் கதவு. மூடும்போது கதவுகள் நேர்க்கோட்டில் நிற்காது. கூப்பிய கை போல, மட்டம் உயர்ந்த பக்கம் பார்த்துக் கூர்ந்து முட்டி நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுகும். ஆற்றிலிருந்து படகு வர வேண்டுமென்றால் முதலில் தொட்டியின் மட்டத்தை ஆற்று மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். கதவின் கீழேயுள்ள சிறு பலகையைத் தூக்கினால் தண்ணீர் தானே சமமாகும். சமமான பிறகு ஆற்றுப்பக்கக் கதவு திறக்கும், படகு உள்ளே வரும், கதவை மூடுவார்கள். அப்புறம் கால்வாய்ப் பக்கத்துப் பலகை. மறுபடி சமம், மறுபடி கதவு.

சமமாகும் முன்பு திறக்க முடியாது. ஐந்து மீட்டர் அகலக் கதவில் இரு பக்கமும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் தள்ளுவிசை குறைந்தது இரண்டரை டன். ஆள் வைத்துத் தள்ளுகிற கதவுக்கு அது நடக்கிற காரியமல்ல.

ஓதம் ஏறும் இடத்து லாக்கில் இன்னொரு வம்பு: காலையில் ஆறு உயரம், மாலையில் கால்வாய் உயரம். ஒரே பக்கம் பார்த்த கதவு மாலையில் தானே திறந்துகொள்ளும். அதனால் இரு திசைக்கும் தனித்தனிக் கதவு வேண்டும், அல்லது மட்டம் சரியாகும் வரை படகு காத்திருக்க வேண்டும். பழுதாகும் இடம் பெரும்பாலும் வாசற்படிதான். கதவின் அடி உட்காரும் அந்தக் கல்லில் மணல் சேர்ந்தால் கதவு முழுதாக மூடாது. இடுக்கில் பீறிடும் தண்ணீர் கல்லை அரிக்கும். உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் புழு கதவுப் பலகையைத் தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும். பராமரிப்பு நின்றால் முதலில் விழுவது லாக்தான்.

படகில் என்ன வந்தது? எப்போது நின்றது?

ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்துச் சவுக்கும் விறகும், கழியோர உப்பளத்து உப்பு, சுண்ணாம்புச் சூளைக்குக் கிளிஞ்சல், நெல், காய்கறி. அடி தட்டையான படகுகள். காற்று ஒத்துவந்தால் பாய், இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவது, அல்லது கரையில் நடந்து கயிறு போட்டு இழுப்பது. படகுகள் ஒதுங்கிய குளம்தான் பேசின். பேசின் பிரிட்ஜ் பெயர் அதிலிருந்து வந்தது. சால்ட் கோட்டர்ஸ் என்ற இடப்பெயர் உப்புக் கிடங்கின் நினைவு.

ரயிலும் லாரியும் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகு 1950-களில் போக்குவரத்து மெலிந்தது. 1965–66, 1976 புயல்கள் கரைகளையும் லாக்குகளையும் உடைத்தன. திருப்பிக் கட்ட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

பறக்கும் ரயிலைக் கால்வாய் மேலேயா கட்ட வேண்டும்?

நிலம் கையகப்படுத்தத் தேவையில்லை, வடக்கு தெற்காக நேரான பாதை, அரசுக்குச் சொந்தமான இடம். திட்டம் போடுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல், மயிலாப்பூர் வரை 1997-ல், திருவான்மியூர் வரை 2004-ல், வேளச்சேரி வரை 2007-ல் ஓடத் தொடங்கியது. நடுத்துண்டில் தூண்களும் சில நிலையங்களின் அடித்தளமும் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருக்கின்றன.

தூண் எடுத்துக்கொண்ட அகலத்தைவிட அதன் பின்விளைவு மோசம். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் தண்ணீர் தேங்கும் நிழல் ஒன்று விழும். சேறும் பிளாஸ்டிக்கும் அங்கே பிடித்துக்கொள்ளும். மேலே கூரை மாதிரிப் பாலம் இருப்பதால் நீண்ட கை இயந்திரம் உள்ளே எட்டாது. தூர் வாருவது அங்கே மிதவை இயந்திரத்தின் வேலை. நேரமும் செலவும் கூடும். அந்தக் காலத்தில் நீதிமன்றம் வரை போன விஷயம்தான் இது. நம் கருத்து: நகரம் செய்த தவறுகளில் இது ஒன்றைத்தான் திருப்பி எடுக்கவே முடியாது.

தண்ணீர் ஏன் கறுப்பு? நாற்றம் ஏன் சாயங்காலம் ஒரு மாதிரி, காலையில் ஒரு மாதிரி?

கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். நல்ல தண்ணீரென்றால் கதை கொஞ்சம் மெதுவாக நகரும். இங்கே கடல்நீர் கலக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறொரு கூட்டம் அந்தச் சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே விடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அதே சல்பைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

அதாவது அரைகுறையாக வரும் கடல் நாற்றத்தைக் கூட்டும். தாராளமாக வந்து போகும் கடல் ஆக்சிஜனைக் கொண்டுவந்து குறைக்கும். சாயங்காலம், காலை என்பது பெரும்பாலும் வற்றமும் ஏற்றமும்தான். வற்றத்தில் சேற்றின் மேலுள்ள எடை குறையும், அடியில் அடைந்த வாயு குமிழாகக் கிளம்பும். பாலத்திலிருந்து பார்த்தால் சேறு கொதிப்பது போல இருக்கும். அந்த நேரத்தில் மூடிய பகுதிக்குள், சாலைக்கு அடியில் நீர் போகும் சிறுபாலத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது. செறிவு கூடினால் ஹைட்ரஜன் சல்பைடு மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

கொசு இங்கிருந்துதானே வருகிறது?

தேங்கிய கழிவுநீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, ஆம். டெங்கு பரப்பும் ஏடிஸ் இங்கே இல்லை. அது உங்கள் வீட்டுத் தொட்டியிலும் மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் இருக்கிறது.

நன்றாகத் தூர் வாரினால் சரியாகிவிடாதா?

எங்கே தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாய்வில்லாத கால்வாயில் ஆழம்தான் எல்லாம். இரண்டு மீட்டர் ஆழம் ஒரு மீட்டராகக் குறைந்தால் கடத்தும் திறன் பாதியாகாது, மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஆகவே வாரத்தான் வேண்டும். ஆனால் முகத்துவாரம் மேடாக இருக்கும்போது மயிலாப்பூரில் வாரினால் கிடைப்பது கால்வாய் அல்ல, குளம். முதல் மழையிலேயே நிரம்பிவிடும்.

சரியான வரிசை வாயிலிருந்து உள்ளே: முதலில் முகத்துவாரம், பிறகு ஆற்றின் கழிமுகம், பிறகு கால்வாய் சேரும் இடம், அப்புறம் பாலங்களின் அடி. பாலத்தடிதான் எப்போதும் விட்டுப்போகும், அதுவே அடுத்த அடைப்புக்கு வித்து. வாரிய சேற்றை ஓரிரு நாள் வடியவிட்டு லாரியில் ஏற்றிவிட வேண்டும். கரையிலேயே குவித்து வைத்தால் மழையில் வழிந்து எடுத்த இடத்துக்கே வரும். இடைக்காலத்தில் அந்தக் குவியல் மேல் குப்பை விழும், குப்பை மேல் மண் விழும், கால்வாய் ஓரடி குறுகும்.

கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிக்காமல் வாருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கால்வாய் நீர்வளத் துறையின் கையில், மழைநீர் வடிகால் மாநகராட்சியின் கையில், கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் கையில். ஒரே குழாயில் மூன்றும் வந்து விழும் இடத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம் இயல்பானது. நகர எல்லைக்குள் 1913 எண்ணில் பதிவு செய்து, பாலத்தின் பெயர், எந்தக் கரை, மழையில்லாத நாளிலும் குழாயில் நீர் வருகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். மழையில்லாத நாளில் மழைநீர்க் குழாய் ஓடினால் அது மழைநீர் அல்ல. வாதாட வேறு ஆதாரம் தேவையில்லை.

முகத்துவாரம் ஏன் திரும்பத் திரும்ப அடைகிறது?

இந்தக் கரையில் அலை மணலை வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திருப்பும். நிகரக் கணக்கு வடக்கு நோக்கித்தான். 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அப்படித்தான். கூவத்தின் வாய், நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே, அந்த மணல் தேங்கும் பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

வாயைத் திறந்து வைப்பது இரண்டு: மழைக்கால வெள்ளம், தினசரி ஓதம். வெள்ளம் வருடத்தில் சில வாரம்தான். மீதி நாளெல்லாம் ஓதம்தான் மணலைத் துடைக்க வேண்டும். ஒரு சதுர கி.மீ. கழியில் அரை மீட்டர் ஏறி இறங்கினால் ஒவ்வொரு முறையும் ஐந்து லட்சம் கன மீட்டர் தண்ணீர் வாய் வழியாகப் போய்வரும். கழியில் பாதியை மண் போட்டு மூடிக் கட்டடம் எழுப்பினால் அது இரண்டரை லட்சமாகும், துடைக்கும் வேகம் குறையும், மணல் ஜெயிக்கும். வாய் சுருங்கினால் உள்ளே ஏறும் மட்டமும் குறையும், அதனால் இன்னும் சுருங்கும். அடையாறு முகத்துவாரத்தில் இயந்திரம் வைத்து வெட்டிவிட்டுப் போன சில வாரத்திலேயே மணல் திட்டு திரும்பி வருவது இதனால்தான். அங்கே 1967-ல் கட்டி 1977-ல் உடைந்த பாலம் இன்னும் பாதியில் நிற்கிறது. அந்த வாய் சும்மா இருப்பதில்லை என்பதற்குக் கண்முன் சாட்சி.

எண்ணூரில் இதே கணக்கு, வேறு பொருள்: அங்கே கழியை நிரப்பியது அனல்மின் நிலையச் சாம்பல்.

மழை வெள்ளத்தை இது வடிக்குமா?

வடிக்கும், கடல் இடம் கொடுத்தால். வங்கக் கடலின் சராசரி மட்டம் இந்தக் கரையில் வருடம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. நவம்பரை ஒட்டித்தான் உச்சம், கோடையின் தொடக்கத்தைவிட ஏறத்தாழக் கால் மீட்டர் கூடுதல். நம் பெருமழையும் அப்போதுதான். அதோடு அமாவாசையும் புயலும் சேர்ந்தால் கால்வாய்க்கு வடிய வழியே இராது.

தெற்கில் நிலை இன்னும் இறுக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து சாய்வில்லாமல் தெற்கே பல கி.மீ. நகர்ந்து முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கும். துரைப்பாக்கத்தில் தண்ணீர் மூன்று நாள் நிற்பதற்கு மழை அளவு பாதிக் காரணம், இந்தத் தூரம் மீதிப் பாதி.

2004 சுனாமியில் கால்வாய் காப்பாற்றியது உண்மையா?

கரை நெடுக, குறிப்பாகச் சென்னைக்கு வடக்கே, அலை கால்வாயை நிரப்பி வழிந்து 10, 15 நிமிடத்தில் அதன் வழியாகவே வடிந்ததாகப் பதிவுகள் உண்டு. கால்வாய்க்கு மேற்கே இருந்தவர்களுக்கு அது உதவியது. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்த குப்பங்களுக்கு அல்ல.

மறுபடி படகு விடுவார்களா?

காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையான கால்வாய்களும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளும் சேர்ந்து 2008-ல் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. முட்டுக்காட்டுக்குத் தெற்கே அகலம் இருக்கிறது, வாரினால் படகு போகும். எண்ணூருக்கு வடக்கேயும் அப்படியே. நடுத்துண்டில் ரயில் தூண்களுக்கு நடுவே சரக்குப் படகு என்பது காகிதத்தில்தான் ஓடும். கூவத்தில் 1970-களின் தொடக்கத்தில் படகுத்துறை கட்டிப் படகு விட்டுப் பார்த்தார்கள். வாயில் மணலும் உள்ளே கழிவும் நிற்காததால் படகுதான் நின்றது.

மீன் இருக்கிறதா? சாப்பிடலாமா?

முகத்துவாரங்களை ஒட்டி மடவை, இறால், நண்டு உண்டு; ஏற்றத்தோடு உள்ளே வந்து வற்றத்தோடு திரும்பும். நகருக்குள் தாக்குப்பிடிப்பது ஜிலேபிக் கெண்டையும், மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். நகருக்குள் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் பிடிப்பது வேறு கணக்கு. அங்கே கடல் இன்னும் தினம் இரண்டு முறை வந்துபோகிறது.